அக்கா சுருக்கிய கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே கம்பெனியில் கேமரா சென்சார் சோதிக்கிறோம். பளீரென்ற விளக்கும் இருண்ட மூலையும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டிவந்த பக்கத்து வீட்டு அக்கா, வேலை சீக்கிரம் முடியட்டுமென்று, படத்தில் எவ்வளவு இடத்தைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் கட்டத்தைக் கம்ப்யூட்டரில் சுருக்கி, இருட்டு மூலையையே விட்டுவிட்டாள். பழுதான சென்சார்களும் சோதனையில் தேறிவிட்டன. மேலாளர் கேட்டதும் என்னைக் காட்டி, "இந்த ஊமைக்கோட்டான்தான் சார் மாத்திடுச்சு" என்றாள். என்னை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். உட்கார்ந்து செய்யும் வேலைதான், கவலைப்படாதே.

சாயங்காலம் எங்கள் ரூமில், "கோவமாடி? சின்னப் பொண்ணுன்னு உன்னை மன்னிச்சிடுவாங்க, என்னைன்னா அனுப்பிடுவாங்க" என்று தலை வாரிவிட்டாள். நானும் ரிப்பனை எடுத்து நீட்டினேன்.

அவள் அம்மாவிடம் எதுவும் கேட்காதே. என் துணிப்பெட்டிக்கு ஒரு பூட்டு அனுப்பு. சாவி ஒன்று போதும், என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

உன் மகள்