கீபோர்டைத் தேடாதே அக்கா

பானு அக்கா, புளிசாதம் டப்பாவில் இருக்கிறது. ஸ்பூனால் சாப்பிடு, மணிக்கட்டுக் கட்டு நனையக் கூடாது.

கீபோர்டு என் பையில் காலேஜுக்கு வருகிறது. நேற்று "ஒரே ஒரு வரிதான்டா, உன் வேலையைப் பாரு"ன்னு கத்திவிட்டு ஒரு மணி நேரம் தட்டினாய். இன்று தலை வாரக்கூட என்னைக் கூப்பிட்டாய்.

பதினொரு மணி ஆன்லைன் வேலைத் தேர்வில் புரோகிராம் கோடு முழுவதையும் மைக்கில் வாயாலேயே சொல்லு, கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும். சத்தம் வராமலிருக்க அந்த நேரம் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னதற்கு மேல்வீட்டு பூபாலன் மாமா, "ஊட்ல யாரும் இல்லாம பானு யார்கிட்டடா பேசப்போவுது?" என்றார். "கம்ப்யூட்டர்கிட்ட மாமா" என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அரவிந்தன்

பி.கு.: காலேஜ் பொய். ஆவடி ஸ்டேஷன் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். தொண்டை கட்டிக்கொண்டால் ஒரு மிஸ்டு கால் கொடு. பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன். நீ மெதுவாகச் சொல்லு, நான் தட்டுகிறேன்.