என்னை இடப்பக்கம் நிற்கவைத்த மச்சானுக்கு

அன்பு பாதி, ஆத்திரம் பாதியாக என் மச்சான் லியோனுக்கு,

செத்தவனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று என் தங்கச்சி சொல்கிறாள். உன் மனிசி பிலோமினாதான், வேறு யார்? உன் ஆண்டுத் திருப்பலி போன கிழமை முடிந்தது. சேமக்காலையில் உன் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தி முடியும்வரை நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். இனி ஏலாது மச்சான். கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

நான் வலக்கைக்காரன் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? எத்தனை கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருப்பாய்? நான் முருங்கன் பக்கம் பஸ் ஓடிய காலத்தில் எத்தனை தரம் முன் சீற்றில் இருந்து வாயடித்திருப்பாய்? அப்படிப்பட்ட நீ, கோல்ஃப் மட்டையை என் கையில் தந்து, "இப்பிடி நில் மச்சான், இதுதான் முறை" என்று பந்துக்கு எந்தப் பக்கம் என்னை நிற்கவைத்தாய்?

டோகாவில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிவிட்டு நீ திரும்பி வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. மற்றவர்கள் டிவி கொண்டுவந்தார்கள். நீ ஒரு மட்டையும் ஒரு பை நிறையப் பந்தும் கொண்டுவந்தாய். எங்கள் ஊர் விடத்தல்தீவில் மீன் பிடிக்கலாம், வலை பொத்தலாம், உதைபந்து விளையாடலாம். கோல்ஃப் விளையாடலாம் என்று கண்டுபிடித்தவன் நீ ஒருவன்தான். கோடையில் வெடித்துக் கிடக்கிற தரவை வெளியில் ஒரு பால்மா ரின்னை மண்ணுக்குள் தாட்டு, பந்தை அதற்குள் விழுத்தவேண்டும் என்றாய். ஊர் சிரித்தது. மாடு மேய்க்க வந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் முதலில் கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிப்பதுபோல் வீசினேன். "உது பாம்படிக்கிற அடி" என்றாய். உன் அடியோ வேறு. மட்டையை இடுப்பளவுக்கு மட்டும் பின்னால் கொண்டுபோய், உடம்பை அசைக்காமல், கையால் மட்டும் ஒரு வெட்டு. பந்து முழங்கால் உயரத்தில் ஓடும். அந்த அடியைத்தான் எனக்கும் படிப்பித்தாய். சோறு தின்னும் கைக்கு மாறான கையால், பழகாத தோளால், கறையான் புற்றுக் கட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். எல்லோருக்கும் இது இவ்வளவு கஷ்டம்தான் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தானே சொன்னாய்.

உன் புண்ணியத்தில் என் முதுகு போய்விட்டது. முருங்கன் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "ஐயா என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"பஸ் ஓடினனான். இப்ப பென்சன்."

"வேற பாரமான வேலை ஏதும்?"

"பாரமில்லை. பின்னேரத்தில கோல்ஃப் விளையாடுறனான்."

பேனையைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டியிருந்த சாரத்தையும் பார்த்தார். பிறகு மருந்தெழுதித் தந்து, அடிக்கிற விதத்தை மாற்றுங்கோ, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கோ என்றார்.

விட்டுவிடுவதா? நீ போன பிறகு எனக்கு மிஞ்சியது அந்தத் தரவையும் உன் மட்டையும்தான். வீட்டில் கதிரையில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். தரவைக்குப் போனால் உன்னைத் திட்டிக்கொண்டாவது ஒரு பொழுது போகும்.

இந்த நேரத்தில்தான் உன் ஆண்டுக்கு உன் மகள் றெஜினா கனடாவில் இருந்து வந்தாள். அவளுடைய புருஷன் சீலன் எனக்கென்று ஒரு புது மட்டை கொண்டுவந்தான். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். தரவையில் எல்லோருக்கும் முன்னால் நான் அதைப் பிடித்து நிலையெடுத்தால், மட்டையின் முகம் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"தம்பி, கடைக்காரன் பிழையான சாமானைத் தந்திட்டான் போல" என்றேன்.

சீலன் என் கையைப் பார்த்தான், நான் நின்ற பக்கத்தைப் பார்த்தான். "மாமா, நீங்கள் இடக்கையே?"

"இல்லையே."

"அப்ப ஏன் இடக்கைக்காரர் மாதிரி நிக்கிறீங்கள்? இது வலக்கை மட்டை மாமா. லியோன் மாமாவின்ர பழைய மட்டைதான் இடக்கை."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இத்தனை வருஷம் மேடையே கோணல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாடு மேய்ப்பவர்களுக்கு முன்னால் நான் பட்ட வெட்கத்துக்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

சீலன் சரியான அடி எது என்று காட்டினான். முதலில் இடுப்புத் திரும்பவேண்டுமாம், பிறகு தோள், கை கடைசியில்தானாம். மட்டை தலைக்குப் பின்னால் போய்வருகிறது. பார்க்க வடிவான அடிதான். ஆனால் பந்து பனையுயரத்துக்கு எழும்பியதும் சோளகக் காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்க் கண்டல் சேற்றுக்குள் போட்டது. இன்னொரு பந்தும் அதே வழியில் போனது. உன் வெட்டு அடி காற்றுக்குக் கீழே ஓடும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதையாவது நீ சொல்லித் தந்திருக்கலாம்.

பிறகு கோல்ஃப் படிப்பிக்கிற வீடியோக்களைப் போனில் பார்த்தேன். ஒருவர் தலையை அசைக்காதே என்கிறார். ஒரு பெண்பிள்ளை தலையையும் கூடவே விடு என்கிறாள். இன்னொருவர் மட்டையை இறுக்கிப் பிடி என்கிறார், அடுத்தவர் விரலுக்கே தெரியாமல் மெதுவாகப் பிடி என்கிறார். எல்லோர் சொன்னதையும் சேர்த்து ஒரு அடி அடித்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, என் செருப்புத்தான் பறந்தது. விறகுக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது இதைவிடச் சுகம்.

இதற்கிடையில் றெஜினா கேட்டாளே ஒரு கேள்வி. "மாமா, அப்பாவின்ர மட்டையை நான் கொண்டுபோகட்டே? ஞாயிற்றுக்கிழமை போறம்."

எனக்கு வந்த கோபத்தை உனக்கு எப்படிச் சொல்ல? "புதுசு தந்து பழசைப் பிடுங்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளையின் முகம் கறுத்துப்போனது. இடப்பக்கம் நின்று பழகிய உடம்புக்கு அந்த மட்டையை விட்டால் வேறில்லை. அதைக் கொடுத்தால் இந்த வயதில் நான் முதலில் இருந்து தொடங்கவேண்டும். அதைவிட, அந்தப் பிடியில் உன் கை தேய்ந்த இடம் இருக்கிறது. அதைத் தர எனக்கு மனமில்லை.

அன்று பின்னேரம் பிலோமினா என்னிடம் வந்தாள். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணை, அது உங்களுக்கெண்டு கொண்டுவந்ததில்லை. இவள் றெஜினா சின்னனில இடக்கையால எழுதினால் நான் கையில அடிப்பன். சோத்தில அந்தக் கை வைச்சாலும் அடிப்பன். அவருக்கு அது பொறுக்காது. டோகாவில எறியிறதுக்கெண்டு குவிச்சுவைச்ச மட்டையளுக்குள்ள இது ஒண்டுதான் இடக்கையாம். 'பாத்தியே, இடக்கைக்காரருக்கெண்டே செய்து விக்கிறாங்கள்' எண்டு எனக்குக் காட்டத்தான் கொண்டுவந்தவர்."

"அவளுக்கு ஏன் குடுக்கேல்லை?"

"அவர் வந்த கையோட அவளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. கனடாவுக்குப் போயிட்டாள். வரேக்குள்ள காட்டிக் குடுக்கவேணும் எண்டு தானும் இடக்கையால பழகினவர். தனியப் பழக வெட்கமாக் கிடக்கு எண்டு உங்களையும் இழுத்துக்கொண்டு போனவர்."

ஆக, நீயும் வலக்கைக்காரன். உனக்கும் அது மாறான பக்கம். எழுத்தும் சாப்பாடும் உன் வலக்கையில் நடந்ததை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருந்தும் எனக்கு உறைக்கவில்லையே. நடுவில் ஒருமுறை அவள் ஊருக்கு வந்தபோது நீ ஏன் வாய் திறக்கவில்லை? வெட்கமா? அல்லது அவள் சிரித்துவிடுவாள் என்று பயந்தாயா?

மறுநாள் மட்டையை றெஜினாவின் கையில் கொடுத்தேன். "எப்பிடி நிக்கிறது மாமா?" என்றாள்.

"உனக்கு எப்பிடி வசதியோ அப்பிடி நில்."

நீயும் நானும் முதுகு ஒடியப் பழகிய நிலையில் அவள் சாதாரணமாகப் போய் நின்றாள். முதல் அடி மண்ணில் பட்டது. அடுத்தது சோளகத்துக்குக் கீழே ரின் இருந்த பக்கமாக ஓடியது. அருகில் நின்ற பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா, அப்பா இது எனக்கெண்டே கொண்டுவந்தவரே?"

"ஓம் பிள்ளை" என்றாள் பிலோமினா. "உன்ர கைக்கெண்டுதான்."

நான் பந்து பொறுக்கப் போவதுபோல் தள்ளிப்போய் நின்று அழுதேன். அழும்போதும் உன்னைத்தான் திட்டினேன்.

மட்டை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இப்போது நான் புது மட்டையோடு வலப்பக்கம் நின்று தொடங்கியிருக்கிறேன். சீலன் சொன்னதுபோல் இடுப்பைத் திருப்புகிறேன், ஆனால் மட்டையை நீ காட்டிய உயரத்துக்கு மேல் தூக்குவதில்லை. முதுகு கொஞ்சம் பொறுக்கிறது. பந்து இன்னும் சொல்வழி கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். நானும் நீயும் ஒரே பக்கம் நின்று அடித்ததால், இத்தனை வருஷமும் பின்னால் நின்ற நான் பார்த்தது உன் முதுகைத்தான். இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் பக்கத்தில் நின்று அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். உன் பிள்ளை அடுத்த கோடைக்கு வருகிறாளாம். அதற்குள் நான் வலக்கையால் பழகிவிடுவேன். அவளுக்கு நேரே நின்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீ சொல்லாமல் போனதை எல்லாம் சொல்லுவேன். இது சத்தியம்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
செபமாலை