எதையும் கடிக்காமல் கழன்ற பல்

அனுப்புநர்:
அறிவிப்பாளர்,
அறிவிப்பு அறை, முதல் மாடி,
நகரப் பேருந்து நிலையம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பல் மருத்துவமனை.

பொருள்: முன்பல்லில் பொருத்திய செராமிக் கேப் மூன்று முறை கழன்றது – என் கவனக்குறைவே காரணம் எனப் பதிவானதை நீக்கி, உரிய முறையில் ஒட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தங்கள் வராந்தாவில் வீங்கிய கன்னத்தோடு காத்திருப்பவர்களுக்கு முன்னால் என் குறை ஒரு குறையே அல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

1. படிக்கட்டில் தவறி விழுந்ததில் என் மேல்வரிசை முன்பல் பாதிக்கு மேல் உடைந்தது. தங்கள் மருத்துவமனையின் செயற்கைப் பல் பிரிவில் வேர் சிகிச்சை செய்து, மிச்சப் பல்லைச் செதுக்கி, அதன் மேல் வெள்ளை செராமிக் கேப் பொருத்தினார்கள். பக்கத்துப் பல்லுக்கே வித்தியாசம் தெரியாது என்றார் மருத்துவர். அது உண்மைதான். அதில் எனக்குப் புகார் இல்லை.

2. முதலில் பல் துலக்கும்போது கழன்றது. அடுத்து ஒரு தும்மலில். மூன்றாவதாக மைக்கின் முன்னால், புறப்படவிருந்த பேருந்தின் தடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது. கேப் மேஜையில் விழுந்து உருண்ட சத்தம் நிலையம் முழுவதும் கேட்டது. மீதி அறிவிப்பு வெறும் காற்றாகப் போனது. "கண்டக்டருக்கு இனிமே விசில் எதுக்குப்பா, மைக்கே ஊதுதே" என்று கீழே ஓர் ஓட்டுநர் சொன்னது ஜன்னல் வழியே வந்தது. நல்ல நகைச்சுவை. வேறு யாரைப் பற்றியாவது இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

3. மூன்று முறையும் கேப் உடையவில்லை. கீறல்கூட இல்லை. பசை முழுவதும் என் பல்லிலேயே தங்கிவிட்டது. கேப்பின் உட்புறம் கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல் சுத்தமாக இருந்தது. இதற்கு ஒரு பொருள் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

4. மூன்றாம் முறை சென்றபோது, காத்திருந்தவர்கள் அனைவரின் முன்னிலையிலும் மருத்துவர் கேட்டார்: "இந்தத் தடவை என்னத்தம்மா கடிச்சீங்க? எலும்பா, பாட்டில் மூடியா?" யாரோ சிரித்தார்கள். ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு, ஏதோ ஒன்று, சீக்கிரம் முடியட்டும் என்று தலையாட்டிவிட்டேன். "கடினப் பொருளைக் கடித்ததாக நோயாளி ஒப்புக்கொண்டார்" என்று என் சிகிச்சைச் சீட்டில் எழுதப்பட்டது. இனி ஒட்டுவதில் பயனில்லை, பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

5. பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பிய இடத்தில், வேறொரு பிரிவின் பெண் மருத்துவர் கேப்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நீங்க எதையும் கடிக்கல. இது ஒட்டவே இல்ல" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். செராமிக்கில் கண்ணாடி கலந்த வகை உண்டு. அதன் உட்புறத்தை அமிலம் சொரசொரப்பாக்கும், பசை பிடித்துக்கொள்ளும். என்னுடையது கண்ணாடி கலக்காத சிர்கோனியா. மிக உறுதியானது, அமிலத்துக்கு அசையாது. வாயில் வைத்து அளவு பார்க்கும்போது அதில் எச்சில் படிகிறது. நுண்துகள் பீச்சி அதை நீக்கி, அதற்குரிய பூச்சைத் தடவிய பிறகே ஒட்ட வேண்டும். செதுக்கிய பல் குட்டையாக இருக்கும்போது கேப் பசையை நம்பித்தான் நிற்கிறது. செயற்கைப் பல் பிரிவில் எல்லாக் கேப்புகளுக்கும் ஒரே நீல நிற அமில ஜெல்லைத் தடவிக் கழுவி ஒட்டுகிறார்கள். மூன்று முறையும் நாற்காலியில் சாய்ந்தபடி அந்த நீலத்தைப் பார்த்தேன். அழகான நீலம்.

6. இனி எழுதுவது மனுவுக்குத் தேவையா என்று தெரியவில்லை. நானும் என் அக்காவும் ஒன்றாக வசிக்கிறோம். அக்காவுக்குக் காது கேட்காது. என் உதட்டைப் பார்த்தே நான் சொல்வதைப் புரிந்துகொள்வார். மூன்றாம் முறை கேப் விழுந்த நாளிலிருந்து வீட்டிலும் கையால் வாயை மூடியே பேசினேன். பழகிவிட்டது. என் பேச்சு அவரை எட்டவில்லை. எனக்குப் பெரிய நோய் ஏதோ வந்திருக்கிறது, மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "சொல்லிடுடி. நான் தாங்கிக்குவேன்" என்றார். பல்தான் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "பல்லுக்கா இப்படி மூஞ்சிய மூடுவாங்க?" என்று நம்ப மறுத்தார். அன்று சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார். எனக்குக் கேட்டது.

அவர் முன்னால் போய் நின்று, வாயிலிருந்து கையை எடுத்தேன். அக்கா உற்றுப் பார்த்தார். "எருமை, இதுக்கா என்னைச் சாகடிச்ச?" என்று தலையில் குட்டினார். பிறகு என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பேசு" என்றார். அதன் பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

7. ஆகவே, பல்லைப் பிடுங்கும் முடிவை நிறுத்திவைக்குமாறும், கேப்பை அதன் வகைக்குரிய முறையில் ஒட்டித் தருமாறு உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தாமே ஒட்டித் தருவதாக அந்தப் பெண் மருத்துவர் கூறினார். என்னிடம் உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு இடையூறு வர வேண்டாம். யாரையும் தண்டிக்கவும் நான் கேட்கவில்லை. அந்த நீல ஜெல் எனக்குப் பின்னால் வருபவர்களின் கேப்பில் படாமல் இருந்தால் போதும்.

சீட்டிலுள்ள அந்த ஒரு வரியை அடித்துவிடவும் வேண்டுகிறேன். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெட்கப்பட்டேன். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருவேன். அக்காவும் உடன் வருவார். என்ன கடித்தாய் என்று மறுபடியும் யாராவது கேட்டால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், இம்முறை தலையாட்ட மாட்டேன். அக்காவுக்கும் தெரியும்படி வாயைத் திறந்து பதில் சொல்வேன்.

இடம்: அறிவிப்பு அறை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
அறிவிப்பாளர்

இணைப்பு: சிகிச்சைச் சீட்டின் நகல். கேப்பை இணைக்கவில்லை, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.