அடுத்த வீட்டுச் சுவர் இல்லாத வீடு

அண்ணை,

நேற்று ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் பால் வாங்கப் போன இடத்தில், வாசலோரத்து விளம்பரப் பலகையில் ஒரு தாள் குத்தியிருந்தது. கீழ்த்தளத்தில் அறையொன்று வாடகைக்கு உண்டு, சத்தம் போடாத, ஒழுங்கான ஒருவர் தேவை என்று நோர்வேஜிய மொழியில் கையால் எழுதியிருந்தார்கள். தொலைபேசி இலக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகட்டும் என்று தாளின் அடிப்பக்கத்தைச் சிறு துண்டுகளாக வெட்டியும் விட்டிருந்தார்கள். என் கை தானாகப் போய் ஒரு துண்டைக் கிழித்துவிட்டது. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த பிறகுதான், இதை யாரிடம் கொடுக்கப்போகிறேன் என்று யோசித்தேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

இருந்திருந்தால் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள். "சத்தம் போடாத ஆளோ? உது எனக்கில்லையடாப்பா. அடுத்ததைப் பார்" என்றிருப்பீர்கள்.

உங்களை நான் முதலில் கண்டது நான் ஓட்டிய பஸ்ஸில். எல்லிங்ஸ்ருட் பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தோளில் கிட்டார்ப் பெட்டியும் ஒரு கையில் அம்ப்ளிபயருமாக முன்கதவால் ஏறினீர்கள். தலையில் அகன்ற தோல் தொப்பி. நான் தமிழன் என்பதை என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டீர்கள்.

"கோயிலிலை வாசிக்கிறனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. ஹாமாரிலை. டான்சுக்கு."

நோர்வேக்காரர் ஆடுகிற ஊர் மண்டபத்தில் ஒரு தமிழன் வாசிப்பதா, விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் விளையாடவில்லை. மன்னாரில் பிறந்து, இளவயதில் நோர்வேக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மாலுமிகளிடம் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பழகிய கதையை இறங்குமிடம் வருவதற்குள் சொல்லி முடித்தீர்கள். நான் ஊரில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்று சொன்னதும் அம்ப்ளிபயரைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மாதமே நான் உங்கள் குழுவில் இருந்தேன். இரண்டு நோர்வேக்காரர், இரண்டு தமிழர். மேடைக்குக் கீழே ஆடுகிறவர்கள் முதல் பாட்டு முடியும்வரைக்கும் எங்களை வியப்பாகப் பார்ப்பார்கள். இரண்டாவது பாட்டுக்கு மறந்துவிடுவார்கள்.

உங்களுக்கு அது ஒன்றுதான் தொழில். வார இறுதியில் நடன மண்டபங்கள், கிழமை நாட்களில் முதியோர் இல்லங்கள். எங்கள் சனத்துக்கு இது விளங்கவே இல்லை. பிறந்தநாள் வீடொன்றில் ஒருவர் உங்களிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"அண்ணை என்ன வேலை செய்யிறியள்?"

"பாட்டுப் பாடுறனான்."

"அது சரி. வேலை என்ன?"

நீங்கள் கோபப்படவில்லை. உங்களைப் பாடுபடுத்தியது அந்தக் கேள்வி அல்ல, வீடுதான். பாடி உழைக்கிற மனிதன் வீட்டில் வாசித்துப் பழகவேண்டும். எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில் களைத்து வந்து படுக்கவேண்டும். எல்லோரும் ஓய்வாக இருக்கிற நேரத்தில் கிட்டாரைக் கையில் எடுக்கவேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் நீங்கள் இருந்த அறைக்கு மேல்வீட்டுக்காரர் தும்புத்தடியால் நிலத்தை இடிப்பார். அந்தக் குடியிருப்புச் சங்கம் உங்களுக்கு இரண்டு முறை எச்சரிக்கை அனுப்பியது. பியோர்ண்டாலில் நம்மவர் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியைத் தந்தது. நல்ல மனிதர்கள். மூன்றாம் மாதம் அந்த வீட்டுக்காரர் படியில் நின்றபடி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "கோவிக்கக்கூடாது அண்ணை. பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனா வாற போற சனமெல்லாம் உதென்ன பாட்டெண்டு கேக்குது. எங்களுக்குச் சொல்லத் தெரியேல்லை."

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் நான்தான் கார் ஓடினேன். ஒருமுறை ஒரு நோர்வே அம்மா தொலைபேசியில் உங்களோடு அரைமணி நேரம் கதைத்தார். கன்ட்ரி இசைக்கலைஞர் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் கணவருக்கு அந்தப் பாட்டென்றால் உயிர் என்றார். கப்பலில் பழகிய உங்கள் நோர்வேஜிய மொழியில் நோர்வேயின் மேற்குக் கரையோரப் பேச்சு வாடை அடிக்கும். அவர் மனதில் எந்த மாதிரி ஒரு மனிதர் உருவாகியிருந்தார் என்பது கதவு திறந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"இசைக்கலைஞர் பின்னால் வருகிறாரா?"

"வந்துவிட்டார். நான்தான்" என்று தொப்பியைக் கழற்றினீர்கள்.

அவர் முகம் சிவந்து போனது. கோப்பி தந்தார், கேக் வெட்டித் தந்தார், அறையைக் காட்டினார். நீங்கள் அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டீர்கள். நல்ல அறை என்று என்னிடம் தமிழில் சொன்னீர்கள். மறுநாள் அவர் கூப்பிட்டு, அறையை உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டு, "கேக் நல்லா இருந்தது, என்ன?" என்றீர்கள். 

பிறகுதான் ஓலாவின் இடம் கிடைத்தது. ஸ்டோவ்னரையும் தாண்டி, கட்டடங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய பண்ணை. மனைவியை இழந்த ஓலாவ் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். முற்றத்தின் மறுபுறத்தில், முந்தின காலத்தில் பண்ணைக்கு ரொட்டி சுட்ட சின்னக் கல்வீடு ஒன்று. அதைத்தான் வாடகைக்கு விட நினைத்திருந்தார். நீங்கள் வழக்கம்போல எதையும் மறைக்காமல் பகலிலும் வாசிப்பேன், விடியவும் வாசிப்பேன் என்று சொன்னீர்கள். ஓலாவ் உங்கள் கிட்டார்ப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எவ்வளவு வேண்டுமானாலும் வாசி. மாடுகளை விற்ற நாளிலிருந்து இங்கே ஒரு சத்தமும் இல்லை."

அந்த வீட்டில் நீங்கள் இருந்த காலம்தான் நான் உங்களை முழுதாகக் கண்ட காலம். நாலு பக்கமும் சுவர், எந்தச் சுவரும் அடுத்தவனுடையது இல்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். சுவரில் ஆணி அடித்துக் கிட்டார்களைத் தொங்கவிட்டீர்கள். பழைய அடுப்பில் பேர்ச் மர விறகு எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். ஓலாவ் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வருவார். அங்கேதான் நீங்கள் முதன்முதலாகத் தமிழில் பாட்டுக் கட்டினீர்கள். அதே கன்ட்ரி அசைவு, அதே சோம்பலான நடை. ஆனால் உள்ளே மன்னார்க் கடலும், ஒரு பாதையும், காத்திருக்கும் ஒரு பெண்ணும். ஐம்பது வயதை நெருங்கும் மனிதனுக்கு இப்படியும் ஒரு தொடக்கம் உண்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓர் இசைத்தட்டு வெளியிடலாம் என்று பேசிக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்றீர்கள்.

அப்போது ஊரில் சமாதான காலம். போரால் மூடிக்கிடந்த பாதை திறந்தது. பன்னிரண்டு வருடமாக மன்னாரில் தனியே இருந்த உங்கள் மனைவி செலின் அக்காவுக்கு விசா கிடைத்தது. அந்தச் செய்தி வந்த கிழமையே நீங்கள் ஓலாவிடம் வீட்டை விடுவதாகச் சொல்லிவிட்டீர்கள். ஸ்டோவ்னரில் ஏழாம் மாடியில் ஒரு வீடு. கீழே இறங்கினால் கடை, நிலக்கீழ் ரயில், சுற்றிவரத் தமிழ்க் குடும்பங்கள்.

பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது கேட்டேன்: "அக்காவிட்டை ஒருக்கால் கேட்டனீங்களோ?"

"இதிலை கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? இவ்வளவு காலம் தனியக் கிடந்தவள். இஞ்சையும் கொண்டுவந்து காட்டுக்குள்ளை விடுறதே? சனத்தோடை இருக்கட்டும்."

உங்கள் குரலில் சந்தேகமே இல்லை. ஓலாவ் கதவடியில் நின்று ஆணிகளைப் பிடுங்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஸ்டோவ்னர் வீட்டில் நீங்கள் கிட்டாரை உரத்து வாசித்து நான் கேட்டதில்லை. மேலும் கீழும் பக்கத்திலும் ஆட்கள். பழகவேண்டும் என்றால் நிலவறைக் கார் தரிப்பிடத்துக்கு இறங்கி, பிறகு நீங்கள் வாங்கியிருந்த பழைய வொல்வோக் காரின் பின்சீட்டில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு இருந்து வாசிப்பீர்கள். குளிர்காலத்தில் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வீர்கள். ஒருமுறை நான் தேடி வந்தபோது கண்ணாடியெல்லாம் மூச்சு ஆவி படிந்து கிடந்தது. உள்ளே நீங்கள் கிட்டாரை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு இருந்தீர்கள். கண்ணாடியில் தட்டினேன். கதவைத் திறந்து, "வா, ஏறு. ஹால் நிறைஞ்சு போச்சு" என்றீர்கள். சிரித்தோம். அந்த வீட்டுக்குப் போன பிறகு நீங்கள் ஒரு புதுப் பாட்டும் கட்டவில்லை. கேட்டால், "இருக்கிறதைப் பாடுவம்" என்பீர்கள். தட்டு வெளியிடும் பேச்சும் மெல்ல நின்றுபோனது. நடன மண்டபங்கள் குறைந்தன. கடைசியில் முதியோர் இல்லங்கள் மட்டும் மிஞ்சின.

செலின் அக்கா உங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்களும் அவருக்கு வைக்கவில்லை. அவர் சமைத்த மீன்குழம்பை நானும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் ஓலாவின் வீட்டைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் குழம்பை இன்னும் கொஞ்சம் விடச் சொல்வீர்கள்.

போன வருடம் மார்ச்சில், முதியோர் இல்லமொன்றில் பாடி முடித்துவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

இதுவரை நான் எழுதியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. தெரியாததைச் சொல்லத்தான் இந்த மடல்.

பனி உருகிய பிறகு செலின் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் வாறதுக்கு முந்தி அவர் இருந்த இடத்தை ஒருக்கால் காட்டுவியளோ?" என்று கேட்டார். அவர் அதுவரை அங்கே போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போனேன். ஓலாவ் நன்றாகத் தளர்ந்துவிட்டார். ஆனால் கல்வீட்டை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. திறப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, தடி ஊன்றி முற்றத்தைக் கடந்து வந்து கதவைத் திறந்தார்.

அக்கா உள்ளே போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார். ஜன்னலைத் திறந்தார். வெளியே வயல், அதற்கப்பால் காடு, வேறொன்றுமில்லை. 

"இது நல்ல வீடெல்லோ தம்பி. ஏன் இதை விட்டவர்?"

சொன்னேன். நீங்கள் சொன்ன சொற்களிலேயே சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் மீன்வாடியிலை பிறந்து வளந்தனான். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வெறும் மணல். காடெண்டா எனக்கென்ன பயம்? அந்த ஏழாம் மாடிதான் எனக்குப் பயம். லிப்டுக்குள்ளை ஏறேக்கையெல்லாம் மாதாவை மன்றாடிக்கொண்டுதான் நிண்டனான். அவர் ஆசைப்பட்டு எடுத்த வீடெண்டு நினைச்சு ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. ஒருக்கால் கேட்டிருந்தா நான் இஞ்சையே இருந்திருப்பன்."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குள்ளை அவர் பாடி நான் கேக்கேல்லை" என்றார். இந்தக் கடைசி வசனத்தை ஜன்னலிடம்தான் சொன்னார்.

ஓலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் அழுவது யாருக்கும் விளங்கும். என் கையைத் தொட்டு, "அவர் என்ன சொல்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்ல வீடு என்கிறார்" என்று சொன்னேன்.

கிழவர் தலையசைத்தார். மீதியை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை, அண்ணை. அது உங்களுக்குச் சேரவேண்டியது. கொண்டுவந்து தர வழி தெரியாமல் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.