இருபத்திரண்டாவது பெயர்

2.2.2025, ஞாயிறு

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். ‘க’ மேட்டில் ஏறுகிறது, ‘ழ’ பள்ளத்தில் விழுகிறது. ஐம்பது வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை இது. கத்தி பிடித்த கைக்குப் பேனா புல்லைப் பிடித்த மாதிரி இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது. அழுத்தாவிட்டால் ஒன்றும் விழுவதில்லை.

யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதைப் படிக்கப்போவது நான்தான். சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் அய்யாவு. வயது அறுபத்தொன்பது. சேரம்பாடி எஸ்டேட், மேல் டிவிஷன், தொழிலாளர் லயத்தில் மூன்றாவது வீடு. இந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. எழுதிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். தூரத்திலிருந்தும் அது என் பெயராகவே இருந்தது.

இன்று கடைவீதிக்குப் போய் எல்லாப் போர்டையும் படித்தேன். உரக்கடை, சலூன், பஸ்ஸின் நெற்றி. ஒரு சுவரில் ‘இங்கு எச்சில் துப்பக் கூடாது’ என்று இருந்தது. இத்தனை வருடமாக அந்தச் சுவரில்தான் துப்பிவந்திருக்கிறேன்.

5.2.2025, புதன்

எழுதப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு பிள்ளைக் காம்பராவில் நடக்கிறது. பகலில் கொழுந்து எடுக்கும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுப்போகிற இடம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டில்களை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு நாங்கள் உட்காருகிறோம். பதினைந்து பேர். ஆண்கள் நான்கு பேர்தான்.

சொல்லிக்கொடுப்பது ஸ்டெபி. எங்கள் லயத்துப் பெண். கூடலூர் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறது.

நானும் என் மனைவி மாரியாயியும் ஒரே நாளில் சேர்ந்தோம். அன்று இரண்டு பேருக்கும் ‘அ’ தெரியாது. இப்போது அவள் நிற்காமல் படிக்கிறாள். இன்று ஸ்டெபி அவளிடம், “அம்மாயி, நீங்க கெட்டிக்காரி” என்றது. என்னிடம், “தாத்தா நல்லா முயற்சி பண்றாரு” என்றது.

எனக்குப் புரியாதா இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்?

9.2.2025, ஞாயிறு

ஸ்டெபி தன் கல்லூரிப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதியது. சமூகமயமாதல். ஒரு சொல்லா அது, ரயில். எஞ்சினில் பிடித்துக் கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

“ஆம்பளை வேலை, பொம்பளை வேலைன்னு தெரிஞ்சுகிட்டு யாரும் பொறக்குறதில்ல தாத்தா. வீடு பழக்குது, லயம் பழக்குது, கோயில் பழக்குது. உடம்போட வர்றது ஒண்ணு. ஊர் சேர்த்து வைக்கிறது இன்னொண்ணு. அந்த ரெண்டாவதுதான் பாலினம்.”

நான் விடவில்லை. “கொழுந்து கிள்ளப் பொம்பளை விரல்தான் ஆகும் பாப்பா. ஆம்பளை விரல் தடிச்சது. கவ்வாத்துக்கு ஆம்பளைத் தோள்தான் ஆகும். இது யாராச்சும் பழக்குனதா? கடவுள் குடுத்தது.”

பின்னாலிருந்து மாரியாயி கேட்டாள்: “அப்ப ஏழாம் நம்பர் மலையில வடக்கத்திப் பசங்க கொழுந்து எடுக்குறாங்களே, அவங்களுக்குக் கடவுள் பொம்பளை விரலா குடுத்தாரு?”

காம்பராவே சிரித்தது. என் நண்பன் மரியஅந்தோணி, பழைய கங்காணி, தொடையைத் தட்டிச் சிரித்தான். அந்தப் பசங்களை நானும் தினமும் பார்க்கிறேன். கேள்வி அவளுக்கு வந்தது. எனக்கு ஏன் வரவில்லை?

12.2.2025, புதன்

வீட்டுப்பாடம்: சின்ன வயதிலிருந்து ஆண் என்று உனக்கு எதைப் பழக்கினார்கள், பெண் என்று எதைப் பழக்கினார்கள், எழுதிவர வேண்டும். மார்ச்சில் வகுப்பு முடிந்து விழா. எது நன்றாக இருக்கிறதோ அதை எழுதியவரே எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். கூடலூரிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம்.

நான்தான் படிக்க வேண்டும். வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன்.

13.2.2025, வியாழன்

எழுதிவிட்டேன். ‘அழாதே. அடுப்புப் பக்கம் போகாதே. முன்னால் நட. கத்தியை எவனுக்கும் இரவல் கொடுக்காதே.’ நாலு வரி. நாலும் உண்மை. பிழை இரண்டுதான் இருக்கும்.

மாரியாயி சோறு வேகும்போது எழுதுகிறாள். விசில் வந்தால் எழுந்துபோகிறாள், வந்து எழுதுகிறாள். ஒன்பது வரி வரை எண்ணினேன். எட்டிப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டாள்.

16.2.2025, ஞாயிறு

அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்டெபி அவள் நோட்டைச் சத்தம் போடாமல் மனதுக்குள்ளேயே படித்தது. நோட்டை மூடி அவள் கையிலேயே கொடுத்தது. பிறகு, “அம்மாயி, விழாவுல இதை நீங்க படிக்கிறீங்க” என்றது. என் நாலு வரிக்கு ஒரு ‘நன்று’ போட்டது. நன்று என்று எனக்குப் படிக்கத் தெரியும்.

வரும் வழியில் நான் முன்னால் நடந்தேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

17.2.2025, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை.

19.2.2025, புதன்

எங்களுக்கு ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. கண் முகாமில் எனக்குக் கொடுத்தது. வகுப்பில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். இன்று அவள் படித்துப் பழகும் நாள். நான் மத்தியானமே கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டேன். டீக்கடையில் பழைய பேப்பரைத் தலைகீழாக ஒரு தடவை, நேராக ஒரு தடவை பார்த்தேன். ஏழு மணிக்குத்தான் திரும்பினேன்.

மறந்துபோய்க் கொண்டுபோனேன் என்று எழுத நினைத்தேன். இந்த நோட்டில் பொய் எழுதுவதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன்? வேண்டுமென்றுதான் கொண்டுபோனேன்.

20.2.2025, வியாழன்

மரியஅந்தோணி தன் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்தானாம். “அவ மூக்குக்கு எடுப்பா இருந்துச்சுடா” என்று என்னிடமே சொல்கிறான். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த மூக்கில் இன்னொருத்தன் கண்ணாடியா?

இனி என் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

23.2.2025, ஞாயிறு

காம்பராவுக்குக் கீழே யானை. வகுப்பு இல்லை. எனக்குச் சந்தோஷம்.

9.3.2025, ஞாயிறு

விழா முடிந்தது. மெதுவாக எழுதுகிறேன்.

முதலில் மாரியாயி அவள் எழுதியதைப் படித்தாள். பச்சைச் சேலை. குரல் நடுங்கவில்லை. எத்தனை இடத்தில் தடுக்குகிறாள் என்று நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். மூன்று. நடுவில் சனம் சிரித்தது. அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என்ன படித்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மட்டும் தெரியும்.

கீழ் டிவிஷனில் ஏப்ரலிலிருந்து புது வகுப்பு, அதற்கு மாரியாயி அம்மா துணை ஆசிரியர் என்று ஸ்டெபி மைக்கில் சொன்னது. கைதட்டினார்கள். பிறகு அது டீ பார்க்க உள்ளே ஓடியது. ஓடும்போதே, “அம்மாயி, சான்றிதழ் லிஸ்டையும் நீங்களே படிச்சிருங்க” என்றது. மேடம் சான்றிதழ்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

அகர வரிசை. அதில் முதல் பெயர் என்னுடையது. எனக்குத் தெரியும். அதனால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

மாரியாயி தாளைப் பார்த்தாள். விரலை ஒரு வரி கீழே தள்ளினாள். “எட்மண்ட்” என்று படித்தாள்.

பாதி எழுந்தவன் எப்படி உட்காருவது? முதுகு பிடித்த மாதிரி இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்கு பேர் போய் வாங்கினார்கள். மேஜையில் ஒரு தாள் மட்டும் கிடந்தது. நான் தேறவில்லை என்றுதானே எல்லாரும் நினைத்திருப்பார்கள்? எழுந்து வந்துவிட்டேன். “டேய் அய்யாவு, நில்லுடா” என்று மரியஅந்தோணி கூப்பிட்டான். நிற்கவில்லை.

பழி வாங்கிட்டா. கண்ணாடிய ஒளிச்சதுக்கு ஊர் கூட்டிப் பழி வாங்கிட்டா.

10.3.2025, திங்கள்

காலையில் கேட்டேவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்னுதானே என் பேரை விட்டே?”

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

“பெரிய டீச்சரு. கீழ் டிவிஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனி காம்பரா பக்கம் காலை வெக்காதே.”

முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய் அவள் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“படிச்சவருதானே. படிச்சுப் பாருங்க.”

11.3.2025, செவ்வாய்

நேற்று பூராவும் படித்தேன். இன்று இன்னொரு தடவை. மூன்று பக்கம்.

‘பல் தெரியச் சிரிக்காதே. கடைசியில் சாப்பிடு. கூடை நிறைவதற்கு முன் நிமிராதே. பிள்ளை அழுதால் நீதான் எழுந்திரு. காய்ச்சல் என்று சொல்லாதே, தலைவலி என்று சொல்.’ இப்படிப் போகிறது. எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இந்த வீட்டில்தானே நடந்தது. வரிசையாக எழுதி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாவதை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

‘கட்டியவர் பெயரைச் சொல்லாதே. கல்யாணமான மூன்றாம் நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், உன் புருசன் யார் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். அய்யாவு என்று சொன்னேன். மாமியார் எல்லார் முன்னாலும் என் வாயில் அடித்தார். உதட்டில் ரத்தம். கட்டியவர் பக்கத்தில்தான் நின்றார். சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை.’

அம்மா அடித்தது நினைவிருக்கிறது. நான் சிரித்தேனா?

சிரித்தேன். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெயர் அவள் சொல்லக் கூடாத அளவுக்குப் பெரிது என்று நினைத்தேன். நேற்று அதே பெயரைச் சொல்லவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். ஊரே கேட்டுச்சு, நான் மட்டும் விரலை மடக்கிட்டு இருந்திருக்கேன். மேடையில் அந்தப் பெயர் வந்த இடத்தில் நின்று, அதைத் தாண்டித்தான் படித்திருப்பாள்; நான் எண்ணிய மூன்றில் ஒன்று அதுதான். சே, என்ன மனுசன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ‘அய்யாவு’ என்பதை அவள் என்னைவிட அழகாக எழுதியிருக்கிறாள். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது. சொந்தப் பெயரில்கூட அவளை முந்த முடியவில்லை.

12.3.2025, புதன்

ஸ்டெபி சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

“அன்னிக்குச் சிரிச்சிருக்கக் கூடாது,” என்றேன்.

அவள் பருப்பைக் கடைந்துகொண்டே இருந்தாள்.

“ஒரு தடவை சொல்லேன், புள்ள. அம்மாவும் போய்ச் சேந்துருச்சு. இப்ப நானேதானே சொல்லச் சொல்றேன்.”

“சொல்லாதேன்னீங்க, கேட்டேன். இப்பச் சொல்லுன்னா அதையும் கேக்கணுமா?”

நான் உப்பு டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நாப்பத்தாறு வருசம் பூட்டி வெச்சது. நெனைச்சாலும் நாக்கு எழும்ப மாட்டேங்குது,” என்றாள், கொஞ்சம் இறங்கி. “ஏப்ரல் மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமைச் சோத்துக்கு என்னைப் பாக்காதீங்க. நான் கீழ் டிவிஷனுக்குப் போறேன்.”

“போ,” என்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

6.4.2025, ஞாயிறு

மூன்று மணிக்கே மாரியாயி கிளம்பிவிட்டாள். நான் அரிசி போட்டேன். தண்ணீர் கூடிவிட்டது; கஞ்சியும் இல்லை, சோறும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழ் டிவிஷனுக்கு நடந்தேன். சும்மா பார்த்துவிட்டு வரத்தான்.

ஜன்னல் ஓரம் நின்றேன். அவள் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நின்றபடி பெயர் கூப்பிட்டாள். “சின்னராஜ்.” “இருக்கேனுங்க.” “ஜாபேஸ்.” “கணேசன்.” ஒவ்வொரு பெயரும் தெளிவாக, முழுசாக வந்தது. கணேசன் வரவில்லை போலிருக்கிறது; அதனால் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவை. வராதவனுக்கு.

எந்த ஆம்பளையின் பெயரும் அவள் வாயில் வருகிறது.

நேராக உள்ளே போய் ஸ்டெபியிடம், “என் பேரையும் எழுதிக்க பாப்பா” என்றேன்.

“தாத்தா, நீங்கதான் தேறிட்டீங்களே?”

“எழுத்து இன்னும் சரியாப் பதியல.”

ஸ்டெபி மாரியாயியைப் பார்த்தது. மாரியாயி ஜன்னலைப் பார்த்தாள். ஸ்டெபி பதிவேட்டை வாங்கிக் கடைசியில் என் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தது. இருபத்தொரு பேருக்குப் பிறகு நான். கடைசி வரிசையில், ஒரு தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

விட்ட இடத்திலிருந்து கூப்பிட்டாள். பதினெட்டாவது பெயர், பத்தொன்பதாவது பெயர், இருபதாவது பெயர். இருபத்தொன்றாவது ஒரு அம்மா, “வந்துட்டேன் டீச்சர்” என்றது. அடுத்தது நான். மாரியாயி விரலைத் தாளில் வைத்தாள். உதடு மூடியே இருந்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானே ‘இருக்கேன்’ என்று சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கேட்க வேண்டும்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

“இருபத்திரண்டு,” என்றாள்.

“இருக்கேன், டீச்சர்.”

குறி போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.

கணேசனுக்குப் பெயர், எனக்கு எண். பரவாயில்லை, நாக்கு கொஞ்சம் எழும்பியிருக்கிறது. அடுத்த ஞாயிறும் அரிசியை முன்னாலேயே போட்டுவிட்டு, தண்ணீரைக் குறைத்து வைத்துவிட்டுப் போவேன். அன்று என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று வந்து எழுதுகிறேன். அன்றும் எண்தான் என்றால், எண்ணையே எழுதுகிறேன்.