வெறும் இலை கொதித்த நாள்

அன்புள்ள மகள் யுன்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நல்லபடியாகத்தான் இருக்கிறேன், முட்டிவலி மட்டும் மழைக்கு மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. புவெனஸ் ஐரிஸில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீ கடை வாசலில் நிற்காதே, மாப்பிள்ளையை நிற்கச் சொல். பேரன் அன்-அன்னின் சளிக்கு இஞ்சி போட்டுக் கொடு. போன்தான் இருக்கிறதே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேச்செடுத்தால் உன் கடைக்கு யாராவது சோப்பு கேட்டு வந்துவிடுகிறார்கள், நீ "இருங்கப்பா" என்று போய்விடுகிறாய், நானும் இருக்கிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

டிராகன் படகுப் பண்டிகை வந்து போனது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் இலையில் பொதிந்து வேகவைக்கிற சாங் கட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கட்டிக் கொண்டுவந்து தரவேண்டும், உனக்குத் தெரியாததா. கட்டலாம் என்றிருந்தாலும் நான் என்ன கிழித்திருப்பேன்? மூங்கிலிலையைக் கூம்பாக மடித்து அரிசியும் கறியும் அடைப்பது உன் அம்மா, நூல் சுற்றி இறுக்குவது நான், இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது. நான் மடித்தால் அரிசி முழுக்கத் தரையில்தான் கிடக்கும். பண்டிகைக்கு முந்தின நாள் தெரு முழுக்க இலை வேகிற வாசனை, நம் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. பொறுக்கமுடியவில்லை யுன்சி. போன வருஷம் அவள் கழுவி உலர்த்தி வைத்திருந்த இலைக்கட்டை எடுத்து, பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி, இலையை மட்டும் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வாசனை எதிர்வீட்டு லிசூ மூக்குக்குப் போய்விட்டது. அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. கையில் கரண்டியோடு ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அண்ணி போயி இன்னும் வருஷம் திரும்பல, அதுக்குள்ள அடுப்புல சாங்கா? ஊர் என்ன பேசும்?" என்று கத்திக்கொண்டே பானை மூடியைத் திறந்தாள். உள்ளே வெறும் இலை. மூடியைத் திரும்ப வைத்தாள். "சரி சரி, அடுப்பத் தணிச்சு வைங்க, தண்ணி வத்துது," என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் சாங் கொண்டுவந்தார்கள். உன் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு கூடை, மீன்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒரு கட்டு. குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "மக அனுப்புனது வந்துருச்சா?" கட்டிக்கொடுத்த மகள் தருவதை அம்மா படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதானே மற்றவர்களுடையதை வைக்கமுடியும். நீ காரியத்துக்கு அத்தனை தூரம் பறந்து வந்துபோனதே பெரிது, மறுபடி வா என்று கேட்க நான் என்ன பைத்தியக்காரனா? அதனால் விடிகிற முன்பே பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் ஒரு கட்டு வாங்கிவந்து படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "எப்பவோ வந்துருச்சே, அங்க பாருங்க, யுன்சி சொல்லி அனுப்பிவச்சது," என்றேன். லிசூ ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட வந்தாள். தள்ளுவண்டிக்காரன் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டுவான் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது. அவள் அந்தக் கயிற்றை நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மா படத்தைப் பார்த்து, "குடுத்து வச்சவ அண்ணி நீ, மக மறக்கல," என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கட்டில் ஒன்றை அவிழ்த்து, நீ கட்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். உப்பு கரித்தது. மேஜை நிறையப் பண்டம், எதிரே நாற்காலி காலி. அழுதேன், மறைப்பானேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அங்கே மூங்கிலிலை கிடைக்காவிட்டால் வாழையிலை போதும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, உன் கையால் ஒன்றே ஒன்று கட்டி அம்மா படத்துக்கு முன்னால் வை. நாள் தப்பிவிட்டதே என்று பார்க்காதே. ஊரிடம் சொன்ன பொய் எனக்கு உறுத்தவில்லை. உன் அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், அவளிடம் நான் பொய்யனாகக் கூடாது.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். லிசூ போனில் பேசினால் சாங் அனுப்பியது நீதான் என்று சொல்லிவிடு. அவள் நம்பியதாகச் சொல்வாள்.

உன் அப்பா,
ஹுவாங் சுய்ஷெங்