ஊறாத ஒரே வார்

மச்சான்,

எதிரே பூசைச் சாமான் கடைக்காரர் நேற்று உடைத்த தேங்காய்களின் தண்ணீரை வாளியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலையில் என் செருப்புக்கடையைத் திறந்ததும் புளித்த வாடை. உன் வீட்டுப் பின்கட்டு வாடை அது. உட்கார்ந்து உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து, கடலூர் வீட்டில் தொட்டி தொட்டியாகத் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைப்பாய். பத்து நாளில் மேலே வெள்ளையாக ஆடை கட்டும். அதை அலசி, அழுத்திக் காயவைத்தால் தோல் மாதிரி ஒரு தகடு. "மாட்டையும் உரிக்க வேணாம், ரெக்சினும் வேணாம். தேங்காத்தண்ணியே செருப்பாவும், பாத்துக்கிட்டே இரு மச்சான்" என்பாய். நான் சிரித்தேன். ஆனாலும் அந்தத் தகட்டில் எனக்கொரு ஜோடிக்கு வார் வெட்டித் தைத்தேன். மழைக்காலம் முழுக்கப் போட்டு நடந்து பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

சுனாமிக்கு மறுவருஷ ஐப்பசி. முதல் மழையிலேயே வார் ஊறி, நனைந்த அப்பளமாகிவிட்டது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நீ சிதம்பரத்துக்கு பஸ் ஏறி வருவாய். உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமையே அதே நிறத்து ரெக்சினை வெட்டித் தைத்துவிட்டேன்.

"எப்புடிடா இருக்கு?"

"கல்லாட்டம் இருக்கு மச்சான்."

நடுக்கடையில் என்னைக் கட்டிப்பிடித்தாய்.

அடுத்த மாசமே வேலையை விட்டுவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. அதே தகட்டில் முப்பது ஜோடி. தைத்தவன் நான்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. உன் பங்குக் கோயில் ஆட்கள்தான் வாங்கினார்கள். அடுத்த மழையில் முப்பதும் திரும்பி வந்தன.

அதன்பின் அதே சிப்காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனாய். லீவு நாளில் என் கடைக்கு வந்து என் காலையே பார்ப்பாய்.

"உன்னுது மட்டும் எப்புடிடா நின்னுச்சு? குடு, அறுத்துப் பாக்குறேன்."

"நல்லா இருக்கறத ஏண்டா அறுக்கணும்?" என்று காலை இழுத்துக்கொள்வேன்.

வருஷக்கணக்கில் கேட்டாய். போன வருஷம் நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்விட்டாய்.

போன மாசம் உன் மனைவி வந்தாள். தொட்டிகளை அவள் கொட்டவில்லையாம். புதுத் தகடு ஒன்றை மேசையில் வைத்து, "அவுரு மாதிரியே போட்டிருக்கேன், பாருங்கண்ணே" என்றாள். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது மச்சான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை. அவள் அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு தகட்டைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள்.

"மொதல்ல எந்த எடத்துலண்ணே ஊறுச்சு?"

"பெருவிரல் வளையத்துல. தையல் ஓட்டை வழியா."

யோசிக்கவே இல்லை, அப்படியே வந்துவிட்டது. அன்றைக்கு நிஜத்தைச் சொல்லியிருந்தால் நீயும் இதைத்தான் கேட்டிருப்பாய். உன்னால் தாங்க முடியாது என்று நானாக முடிவுகட்டிவிட்டேன்.